வீட்டு நிழலுக்கு வேம்போ, புங்கோ?

கோடைக்காலத்தில் நம் கிராமங்களை வாட்டும் வெயிலின் கொடுமையை யாவரும் அறிவர். பங்குனி பிறந்தது முதல் ஆனி கழியும் வரையில் நடுப்பகலில் வெளியே நிற்றல் இயலாது. வீட்டினுள் இருத்தலும் எளிதன்று. தகரக் கூரையும் காரைத் தளமும் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவெல்லாம் கக்குகின்றன. முதியோரும், கைக்குழந்தைகளும், நாள் முழுதும் உழைத்து வந்து படுக்கும் கூலியாட்களும் இதனால் அடையும் துன்பம் சிறிதன்று. வெப்ப மிகுதியால் மயங்கி வீழ்வோரும், உயிரிழப்போரும் ஆண்டுதோறும் உளர். இத்துன்பத்திற்கு அதிகச் செலவில்லாத பரிகாரம் ஒன்று உண்டு. அது வீட்டின் தக்க பக்கத்தில் தக்க மரம் ஒன்றை நட்டு வளர்த்தலேயாம்.

தக்க மரம் எது என்பதில்தான் குடியானவர்களிடையே ஓயாத வாதம் நிகழ்கின்றது. ஆலும் அரசும் வீட்டிற்கு ஆகாவென்பதில் கருத்து வேற்றுமை இல்லை. அவற்றின் வேர் சுவரைப் பிளந்துவிடும். புளி மிகப் பரந்து வளர்வதால் சிறு மனைக்குப் பொருந்தாது. எஞ்சியவற்றுள் எங்கும் கிடைப்பனவும், பழக்கத்தில் உள்ளனவும் வேம்பும் புங்குமேயாம். சிலர் வேம்பே சிறந்தது என்பர். சிலர் புங்க நிழலுக்கு நிகர் வேறில்லை என்பர். இருதிறத்தார் கூறுவதிலும் உண்மை உண்டு. ஆனால் மண்ணையும், நீரையும், திசையையும் பாராமல் இவ்வாதத்தைத் தீர்த்தல் இயலாது. பிழையாக நட்ட நெற்பயிரை அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். பிழையாக நட்ட மரத்தின் பிழை தெரிவதற்கே பத்து ஆண்டுகள் ஆகும். ஆகவே குழி தோண்டுமுன் ஆராய்தல் அவசியம்.

நிழல் குளிர்ச்சி தருவது எவ்வாறு?

மரத்தடி குளிர்ந்திருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. இலைகள் சூரியனின் கதிர்களைத் தடுத்து, அவை தரையிலும் சுவரிலும் படாமற் செய்கின்றன. இது முதற்காரணம். வேர் உறிஞ்சும் நீர் இலைகளிலுள்ள நுண்ணிய துளைகளின் வழியே ஆவியாக வெளிப்படுகின்றது. நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டுமாதலால், இலைகளும் அவற்றைச் சூழ்ந்த காற்றும் குளிர்ச்சி அடைகின்றன. இது இரண்டாவது காரணம். மண்பானையின் புறத்தே நீர் கசிந்து உலர்வதனால் பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்விதமேயாம். கீற்றுப் பந்தலுக்கு முதற்குணம் மட்டுமே உண்டு. மரத்திற்கோ இரண்டும் உண்டு. பந்தல் நிழலைவிட மர நிழல் இனிதாயிருப்பது இதனாலேயே.

வேம்பு இரவிலும் பிராணவாயுவை வெளிவிடுவதால் அதன் காற்று நோய் தீர்க்கும் என்று பலர் நம்புகின்றனர். இது சரியன்று. பச்சிலை மரங்கள் பகலில் வெயிலின் துணையால் பிராணவாயுவை வெளியிடும். இருளில் எல்லா உயிர்களையும் போலச் சுவாசிக்கவே செய்யும். வேம்பும் இதற்கு விலக்கன்று. வேப்பங்காற்றின் நன்மை அதன் குளிர்ச்சியே.

வேம்பின் இயல்பு

வேம்பு வறட்சிக்கு அஞ்சாத மரம். ஆண்டிற்கு 400 மில்லிமீட்டர் மழையே பெய்யும் இடங்களிலும் இது வளரும். கல்லும் சரளையும் கலந்த மேட்டு நிலத்திலும், செம்மண்ணிலும், மணற்பாங்கிலும் ஆழமாக வேரூன்றி நிற்கும். இக்குணம் கருதியே அயல்நாட்டாரும் இதனைக் கொண்டுசென்று நட்டனர். ஸௌதி அரேபியாவில் மக்காவையடுத்த அரபாத் வெளியில், யாத்திரிகர்களின் நிழலுக்காக ஏறக்குறைய 50,000 வேப்பமரங்கள் வைத்து வளர்க்கப்பட்டன.

வேம்பால் சகிக்க முடியாதது ஒன்று உண்டு. அது தேங்கிய நீர். அடியில் நீர் நாட்கணக்கில் நிற்குமாயின் வேர் அழுகி, கன்று பட்டுப்போம். களிமண் தாழ்விடங்களில் வேம்பு தேறாமைக்கு இதுவே காரணம்.

இதன் இலை சிறியது. அரிவாள் போன்ற வளைவும், பற்கள் போன்ற ஓரமும் உடையது. ஓர் இலைக்காம்பில் இருபது முப்பது சிற்றிலைகள் வரிசையாக அமைந்திருக்கும். ஆதலின் இதன் நிழல் கனத்த நிழலன்று; இடையிடையே வெயிற்பொட்டுகள் விழும். ஆனால் காற்று தடையின்றி ஊடுருவும். திண்ணையில் அமர்வோர்க்கும், முற்றத்தில் கட்டில் போடுவோர்க்கும் இத்தகைய நிழலே உகந்தது.

மாசி பங்குனி மாதங்களில் பழைய இலை உதிர்ந்து செந்தளிர் தோன்றும். பங்குனி சித்திரையில் பூக்கும். ஆனி ஆடியில் பழம் உதிரும். பழம் உதிரும் காலத்தில் முற்றம் வழுக்கும், ஈ மொய்க்கும். நாள்தோறும் பெருக்குதல் வேண்டும். ஆயின் பெருக்கிய கொட்டையைச் சேர்த்து வைப்போர்க்கு அதுவே வருவாயாம். நன்கு வளர்ந்த மரம் ஒன்று ஆண்டிற்கு 50 கிலோகிராம் வரையில் பழம் தரும். வேப்பம் பிண்ணாக்கின் எருக்குணத்தைக் குடியானவர்கள் நெடுங்காலமாக அறிவர். மண்ணில் தழைச்சத்து விரைவில் வீணாகாதபடி வேம்பு தடுப்பதனால், இந்திய அரசாங்கம் 2015-ஆம் ஆண்டில் உள்நாட்டில் செய்யப்படும் யூரியா உரம் முழுமைக்கும் வேப்பெண்ணெய் பூசப்படவேண்டும் என்று விதித்தது.

வேப்பமரத்தின் வயிரம் கசப்புடையதாகையால் கறையான் எளிதில் அரிக்காது. நிலை, கதவு, கலப்பை முதலியவற்றிற்கு உதவும். தாத்தா நட்ட வேம்பு பேரன் வீட்டுக்கு நிலையாவது நம் ஊர்களில் புதிதன்று.

புங்கின் இயல்பு

புங்கு நீர்க்கரையை நாடும் மரம். ஆற்றோரங்களிலும், வாய்க்காற் கரைகளிலும், கடற்கரையை அடுத்த உவர் நிலங்களிலும் இது தானாகவே வளரக் காணலாம். சில நாட்கள் அடியில் நீர் நின்றாலும் இதற்குக் கேடில்லை. மண்ணில் உப்பு இருந்தாலும் பெரும்பாலும் தாங்கும். வேரூன்றிய பின் வறட்சியையும் ஓரளவு பொறுக்கும். ஆயினும் கன்றுப்பருவத்தில் வேம்பைவிட அதிகத் தண்ணீர் வேண்டும்.

தாவர நூலார் இம்மரத்திற்கு வழங்கும் பொங்காமியா என்னும் பெயர், புங்கு, பொங்கம் என்னும் நம் தென்னாட்டு வழக்கிலிருந்து எடுக்கப்பட்டதாகும். இது அவரை, துவரை முதலியன சேர்ந்த குடும்பத்தது. அவற்றைப் போலவே இதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கவர்ந்து மரத்திற்கு அளிக்கின்றன. புங்கந்தழையை நஞ்சை வயலில் மிதித்து உரமாக்கும் வழக்கம் இதனால் நல்ல வழக்கமென்றே தெரிகின்றது.

புங்கிலை அகன்றது, பளபளப்புடையது. ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் இருக்கும். கிளைகள் தாழ்ந்து குடைபோற் கவிந்து நிற்கும். ஆதலின் இதன் நிழல் கனமானது. நடுப்பகலிலும் வெயிற்பொட்டு அதிகம் விழாது. இலை உதிர்ந்து மரம் வெறுமையாய் நிற்கும் நாட்கள் சிலவே. கத்திரி வெயில் தொடங்குமுன் புதுத்தழை மூடிக்கொள்ளும். சித்திரை வைகாசியில் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்கள் உதிர்ந்து மரத்தடியை மூடும்.

காய் முற்றுவதற்கு ஏறக்குறைய பத்து மாதங்கள் ஆகும். ஒரு மரம் ஆண்டிற்கு 9 முதல் 90 கிலோகிராம் வரையில் காய்க்கும். விதையில் நூற்றுக்கு 27 முதல் 39 பங்கு எண்ணெய் உண்டு. முன்னாளில் விளக்கெரிக்கவும் பின்னர் சோப்புக்கும் பயன்பட்ட இவ்வெண்ணெயை, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டீசல் எண்ணெய்க்கு மாற்றாகவும் ஆராய்ந்தனர்.

புங்கின் குறைகள் இரண்டு. பக்கவேர்கள் தொலைவு வரையில் பரவுதலும், அவற்றிலிருந்து வேர்க்கன்றுகள் கிளம்புதலும் ஒன்று. ஆற்றங்கரையில் மண்ணரிப்பைத் தடுக்கும் இக்குணமே, சிறிய கொல்லையில் காய்கறிப் பாத்திகளுக்கு இடையூறாகும். இதன் மரம் உறுதியற்றது, பூச்சிகள் எளிதில் துளைப்பது என்பது மற்றொன்று. விறகுக்கு உதவுமேயன்றி வீட்டுவேலைக்கு உதவாது.

இரண்டையும் ஒப்பிடுங்கால்

மேற்கூறியவற்றால் விளங்குவது யாதெனில், நிழலின் கனத்திலும் நீரைப் பொறுக்கும் ஆற்றலிலும் புங்கு மேம்பட்டது. வறட்சி பொறுத்தல், காற்றோட்டம், மரத்தின் உறுதி ஆகியவற்றில் வேம்பு மேம்பட்டது. வளர்ச்சியில் இரண்டும் நல்லனவே. இரண்டும் சாதாரணமாய் நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். எனவே, எது சிறந்தது என்று கேட்பதை விடுத்து, என் மனைக்கு எது ஏற்றது என்று கேட்பதே முறை.

இராமநாதபுரம், புதுக்கோட்டை போன்ற பகுதிகளின் செம்மண் மேட்டில் வீடு உள்ளவர், கோடையில் கன்றுக்கு ஊற்றத் தண்ணீரும் அரிதாயின், ஐயமின்றி வேம்பையே நடுவாராக. காவிரிக் கடைமடையில் வீட்டுக்குப் பின்னே வாய்க்கால் ஓடி, ஐப்பசி கார்த்திகையில் கொல்லையில் நீர் நிற்குமாயின் அங்கே புங்கையே நடுதல் வேண்டும். அவ்விடத்தில் வேம்புதான் வேண்டுமென்று விரும்புவோர், இரண்டடி உயரம் மண்மேடு கட்டி அதன்மேல் நடுதல் நலம். உவர்நீர்க் கிணறுள்ள கடற்கரைக் குப்பங்களுக்குப் புங்கே பெரிதும் பொருந்தும்.

பள்ளிக்கூடம், சாவடி, பஸ் நிற்குமிடம், களத்துமேடு முதலிய பொது இடங்களில் நடுப்பகலில் பலர் கூடுவர். அங்கே கனத்த நிழல் வேண்டுமாதலால், மண் இடங்கொடுக்குமாயின் புங்கு ஏற்றது. இரவில் காற்று வாங்க வேண்டிய வீட்டு முற்றத்திற்கு வேம்பு ஏற்றது.

நடவேண்டிய திசை

மரம் எதுவாயினும், திசை தவறினால் பயன் பாதியாகும். குளிர்நாட்டுத் தோட்ட நூல்களில் வீட்டின் தெற்கே நிழல்மரம் வைக்குமாறு கூறியிருக்கும். அந்நாடுகளில் சூரியன் எப்பொழுதும் தெற்கே சாய்ந்து செல்வதால் அவ்விதி அங்கே பொருந்தும். நம் நாட்டு நிலை வேறு. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஆம் தேதியையொட்டியும், சென்னையில் ஏப்ரல் 25-ஆம் தேதியையொட்டியும் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகின்றது. பின்னர் வடக்கே சென்று, ஆவணி மாதத்தில் மறுபடி உச்சியைக் கடக்கின்றது. ஆகவே கோடை முழுதும் நம் வீட்டுத் தென்சுவரில் வெயில் மிகக் குறைவே. வெப்பத்தை மிகுதியும் உண்பன கூரையும், மேற்குச் சுவருமேயாம். காலை முழுதும் சூடேறிய காற்றோடு பிற்பகல் வெயிலும் சேர்ந்து மேற்குச் சுவரைத் தாக்குகின்றது. அச்சுவர் அவ்வெப்பத்தை முன்னிரவில் வீட்டினுள் விடுகின்றது.

ஆகையால், ஒரே மரத்திற்கு இடமுடையோர் அதனை வீட்டின் மேற்கே நடவேண்டும். இரண்டாவது மரத்திற்கு இடமிருப்பின் கிழக்கே நடலாம். கிளைகள் மேலெழுந்து கூரையின் ஒரு பகுதியையும் மறைக்குமாயின் மிக நன்று. சுவருக்கும் மரத்திற்கும் இடையே வேம்பாயின் 15 அடியும், புங்காயின் 20 அடியும் விடுதல் நலம். கழிவுநீர்த் தொட்டிக்கும், தண்ணீர்க் குழாய்க்கும், மின்சாரக் கம்பிக்கும் நேரே நடலாகாது. இவ்வளவு இடம் இல்லாத சிறு மனையார், தெருவின் ஓரத்தில் அக்கம்பக்கத்தாருடன் கூடி நடுவது உசிதம். சாலைகளில் மரம் வைத்த இராணி மங்கம்மாளின் பெயரை மதுரைச் சீமையார் இன்றும் நினைவுகூர்வது, பொது நிழலின் அருமையை நம்மவர் உணர்ந்திருந்தமைக்குச் சான்றாகும்.

நடும் காலமும் முறையும்

மரம் நடும் விழாவாகிய வனமகோற்சவத்தைக் கே. எம். முன்ஷி அவர்கள் 1950-ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தார். அது ஜூலை மாதத்தின் முதல் வாரத்தில் கொண்டாடப்படுவது. தென்மேற்குப் பருவமழை பெறும் நாடுகளுக்கு அக்காலம் உகந்தது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியோ வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ளது. விழாவை முன்னிட்டு ஆனியில் கன்று நட்டு, ஆடிக் காற்றில் அது காய்ந்துபோக விடுதல் வீண் முயற்சி. தண்ணீர் ஊற்ற வசதியில்லாதார் புரட்டாசியின் பிற்பகுதியிலோ, ஐப்பசித் தொடக்கத்திலோ நடுவாராக. மார்கழிக்குள் கன்று வேர்பிடித்துவிடும்.

வேப்பங்கொட்டையின் முளைக்கும் சக்தி விரைவில் குன்றும். பழுத்து உதிர்ந்ததைப் பொறுக்கி, சதையைக் கழுவி நீக்கி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்திற்குள் பையில் விதைத்திடல் வேண்டும். சென்ற ஆண்டுக் கொட்டையை விதைத்து ஏமாறுதல் கூடாது. புங்கவிதை சில மாதங்கள் வரை கெடாது. நடும் இடத்திலேயே ஊன்றினும் முளைக்கும்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் இரண்டடிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். மேல்மண்ணைத் தனியே எடுத்து, மக்கிய தொழுவுரத்துடன் கலந்து குழியில் இடுக. களிமண்ணாயின் ஒரு பங்கு மணலும் சேர்க்க. கன்றின் பக்கத்தில் அடியில் துளையிட்டுத் துணித்திரி செருகிய பழைய மண்பானை ஒன்றைப் புதைத்து, அதில் நீர் நிரப்பி மூடிவைத்தால், நீர் சிறிது சிறிதாய் வேருக்குச் செல்லும். வாரத்திற்கு இரண்டு முறை நிரப்பினால் போதுமானது. முதல் இரண்டு கோடைக்கும் இவ்வாறு செய்தல் நலம். வேப்பந்தழையை ஆடு விரும்பித் தின்னுமாதலால், முள்வேலி கட்டாமல் நட்ட கன்று நடாத கன்றுக்கு ஒப்பாகும்.

கன்று ஆள் உயரம் வளர்ந்த பின், ஆறேழு அடி வரையில் பக்கக்கிளைகளை ஆண்டுக்குச் சிலவாகக் கழித்து வரலாம். நுனியை வெட்டலாகாது. தண்டைச் சுற்றி அடிவரை சிமெண்டு பூசி மூடுவதும், விளம்பரப் பலகைக்காக ஆணியறைவதும் மரத்திற்குக் கேடு விளைப்பன.

நோய்களும் பூச்சிகளும்

வேம்புக்கு நோயே இல்லை என்னும் எண்ணம் தவறு. நுனிக்கிளைகள் கருகி, தீய்ந்தாற்போல் தோன்றும் நோய் ஒன்று உண்டு. அதற்குக் காரணமான பூசணம் 1997-ஆம் ஆண்டில் ஆராய்ந்து பெயரிடப்பட்டது. தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சும் பூச்சி துளைத்த தளிர்களும் இவ்வாறே கருகும். 2021-ஆம் ஆண்டில் தெலுங்கானா முதலிய தென்னாட்டுப் பகுதிகளில் எண்ணற்ற வேம்புகள் இவ்விதம் வாடிக் காணப்பட்டன. அங்ஙனம் கருகியவற்றைப் பட்டுப்போனவையென்று உடனே வெட்டிவிடலாகாது. பெரும்பாலானவை மறுபடி தளிர்க்கும் இயல்பின. காய்ந்த நுனிகளை மட்டும் நறுக்கி எரித்துவிட்டுக் காத்திருத்தலே விவேகம்.

புங்கிலைகளில் சிறு கொப்புளங்கள் எழுதல் சாதாரணம். கண்ணுக்குப் புலனாகாத சிற்றுண்ணிகளால் அவை உண்டாகின்றன. பார்வைக்கு நன்றாயிராவிடினும் வளர்ந்த மரத்தைக் கொல்வதில்லை.

ஆயினும் ஒரே சாதி மரத்தை ஊர் முழுதும் நடுவதில் ஓர் அபாயம் உண்டு. மேனாட்டார் ஓக், ஆஷ் என்னும் இருவகை நிழல்மரங்களை நம் வேம்பும் புங்கும் போலப் போற்றி வந்தனர். 1992-ஆம் ஆண்டில் போலந்து நாட்டில் ஆஷ் மரங்கள் நுனிகருகி மடிவது காணப்பட்டது. அந்நோய் ஐரோப்பா முழுதும் பரவி, 2012-ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் உறுதிசெய்யப்பட்டது. அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட வண்டு ஒன்று கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்தது. வரிசை வரிசையாக ஆஷ் மரமே நட்டிருந்த தெருக்கள் சில ஆண்டுகளில் நிழலற்றுப்போயின. பலவகை மரங்களைக் கலந்து நட்டிருந்த தெருக்கள் தப்பின. நம் கிராமங்களுக்கும் இது படிப்பினையாகும். ஒரு தெருவில் பத்து மரம் நடுவதாயின், மண் ஒத்துக்கொள்ளும் அளவிற்கு வேம்பும் புங்கும் கலந்து, இடையே பூவரசும் சேர்த்து நடுதல் வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று

இவ்விரு மரங்களும் வீட்டருகே இருப்பதால் குழந்தைகளின் கைக்கு எளிதில் எட்டும். வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்மருந்தாகக் கொடுத்தல் ஆகாது. அதனால் கடும் நோயுற்ற குழந்தைகள் உண்டு. புங்கவிதையும் உண்ணத்தகாதது. இரண்டின் எண்ணெயையும் உணவெண்ணெயினின்று வேறாக வைத்தல் அவசியம்.

முடிவு

மேட்டு நிலத்திற்கும் முற்றத்திற்கும் வேம்பு. தாழ்நிலத்திற்கும், நீர்க்கரைக்கும், பொது இடத்திற்கும் புங்கு. வீட்டுக்கு மேற்கே முதல் மரம். மழைக்கு முன்னே நடவு. இரண்டு கோடைக்குத் தண்ணீரும் வேலியும். இவற்றை மனத்திற்கொண்டு ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு மரம் வளர்ப்பார்களாயின், ஏழெட்டு ஆண்டுகளுக்குள் ஊர் முழுதும் நிழல் பெறும். செலவு ஒரு கன்றும், ஒரு பழம்பானையும், சில நாள் உழைப்புமே. இவ்வாண்டு பள்ளியில் முதல் வகுப்பிற் சேரும் குழந்தை அப்பள்ளியை விட்டு வெளியேறுமுன்னர், இன்று நடும் மரத்தின் அடியில் அமர்ந்து பாடம் படித்தல் கூடும். வருகிற புரட்டாசிக்குள் இடத்தைத் தேர்ந்து குழி எடுத்து வைப்பார்களாக.